பின் சீட்டுத் தலைவலி

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. இதையும் கொஞ்சம் கோவமாத்தான் சொல்லப்போறேன், பொறுத்துக்குங்க.

என் வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். பெட்டாலிங் ஜெயாவில ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. நடுரோட்டுல கார் நின்னுபோனா ஒரு நம்பருக்குக் கூப்பிடுவாங்க இல்ல, அந்த நம்பரை எடுக்கிறது நான்தான். இழுத்துட்டுப் போற லோரியை அனுப்புறதுக்கு முன்னால விவரம் கேக்கணும். என்ன சத்தம், எந்தப் பக்கம், ஓடும்போதா நிக்கும்போதா, புகை என்ன கலர். கூப்பிடுறவங்க இதுல ஒண்ணையும் சொல்ல மாட்டாங்க. "மேடம், கார் செத்துப்போச்சு மேடம்"னு அழுவாங்க. எப்படிங்க செத்துச்சுன்னு கேட்டா, "சும்மா ஓடிக்கிட்டே இருந்துச்சு, பொசுக்குன்னு போயிருச்சு"ம்பாங்க. ஒரு அங்கிள் பெட்ரோல் ஊத்தவே மறந்துட்டு, கியர் பாக்ஸ் போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தாரு.

ஊரான் காருக்கெல்லாம் போன்லயே நாடி பாக்குறவ நான். எங்க வீட்டுக் காருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னா மட்டும் கேக்க ஒரு நாதி இல்ல.

அப்ப எனக்கு அஞ்சாம் மாசம். போன வருசம் ஒண்ணு மூணாம் மாசத்துலயே போயிருச்சு. அதனால இந்தத் தடவை எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். இந்தப் பிள்ளை தங்கணும். காலையில எந்திரிச்சா வயித்தைத் தொட்டுப் பாப்பேன், பாத்ரூம் போனா பயந்துகிட்டே போவேன், வெளிய வந்தாத்தான் மூச்சே வரும். இதெல்லாம் அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

நாங்க இருக்கிறது கிள்ளான்ல. தினமும் காலையில ஒரே கார்ல மூணு பேரு கிளம்புவோம். என் வீட்டுக்காரர் குரு ஓட்டுவாரு. என்னைப் பெட்டாலிங் ஜெயாவில இறக்கிவிட்டுட்டு, அவங்க அம்மாவை பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில விட்டுட்டு, அவர் அங்கேயே பக்கத்துல ஆபீஸுக்குப் போவாரு. அத்தை பேரு லெட்சுமி. அந்தக் கடையில மாலை கட்டுறாங்க. கை அப்படி ஓடும், பாக்கவே அழகா இருக்கும். வாயும் அதே வேகத்துலதான் ஓடும்.

முன் சீட்டுல பெல்ட்டு வயித்தை அழுத்தும்னு என்னைப் பின் சீட்டுக்குத் தள்ளினது அத்தைதான். அவங்களும் என் பக்கத்துல உக்காந்துக்குவாங்க. என் கைப்பையில வேப்பிலை, ஒரு இரும்புச் சாவி. கண்ணாடியை ஒரு விரல் அளவுக்குக்கூட இறக்கக் கூடாது. சுடுகாட்டு ரோடு தாண்டித்தான் ஹைவேக்குப் போகணும், பிள்ளைத்தாச்சிக்குக் காத்து கருப்பு பட்டுரும். "போன தடவை நான் சொன்னதைக் கேட்டியா? ரவாங்குக்குச் சாவு வீட்டுக்குப் போனியே!" இதை அவங்க நேரடியா சொன்னது ஒரே ஒரு தடவைதான். ஆனா ஒவ்வொரு தடவை கண்ணாடியை மூடச் சொல்லும்போதும் எனக்கு அதுதான் காதுல விழும். செத்தது என்கூட வேலை செய்ற பிள்ளையோட அப்பா. போகாம இருக்க முடியுமா? ஒரு வருசமா அந்தச் சொல்லை நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான் அவங்களுக்குச் சோறு போடுறேன்.

சரி, காருக்கு வரேன்.

தலைவலி எனக்கு எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு சரியாத் தெரியல. சும்மா வலி இல்ல. நெத்தியில துணியைக் கட்டி முறுக்குற மாதிரி இருக்கும். ஷா ஆலம் தாண்டும்போது லேசா ஆரம்பிக்கும், டிராபிக் ஜேம்ல நின்னா ஏறும், ஆபீஸ் வாசல்ல இறங்கும்போது காலு தள்ளாடும். உள்ள போய் உக்காந்து ஒரு தண்ணி குடிச்சு, ரெண்டு மூணு போன் எடுக்கிறதுக்குள்ள வலி போயிரும். சாயங்காலம் காருல ஏறினா திரும்ப வந்துரும். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா ஒண்ணும் இல்ல.

"மசக்கைலா," அப்படின்னாரு குரு.

"மசக்கைக்கு ஞாயித்துக்கிழமை லீவாங்க?"

"டென்ஷன் அமுதா. நீ ரொம்ப யோசிக்கிற."

அத்தை வேற ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. சாயங்காலம் கடையில விக்காம மிஞ்சின மல்லிகைப்பூவை மூட்டையாக் கட்டி எடுத்துட்டு வருவாங்க, பக்கத்து வீடுகளுக்குக் குடுக்க. பூ வாசம்தான் தலைக்கு ஏறுதுன்னாங்க. ஒரு வாரம் பூவைக் காருக்குப் பின்னால சாமான் வைக்கிற பூட்ல போட்டாங்க. வலி போகல. அப்ப கண்திருஷ்டின்னாங்க. மிளகாய் சுத்திப் போட்டாங்க. வீடெல்லாம் நெடி, நான் இருமிக்கிட்டே கிடந்தேன். கிளினிக்கு போனோம். ப்ரெஷர் நல்லா இருக்கு, பிள்ளை நல்லா இருக்கு, இந்த நேரத்துல தலைவலி வரத்தான் செய்யும்னு பனடோல் மாத்திரை குடுத்தாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நானும் தலைவலின்னு மட்டும்தான் சொன்னேன், காருல மட்டும் வருதுன்னு சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள குரு முந்திக்கிட்டு, "மசக்கைதானே டாக்டர்?"னு சிரிச்சாரு.

குரு நல்ல மனுசன், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் காரைக் குறை சொன்னா அவங்க அம்மாவைக் குறை சொன்னதை விடக் கோவம் வரும். கல்யாணம் ஆன புதுசுல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வாங்கின அன்னைக்கே கோயிலுக்குக் கொண்டுபோய், டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, மாலை போட்டு, என்னை விட அதுக்குத்தான் நிறைய போட்டோ எடுத்தாரு. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்ச நாளா "டுர்ர்ர்"னு கனமா ஒரு சத்தம், கூடவே அடியில "தட் தட்"னு ஒரு தட்டல். கொஞ்ச தூரம் ஓடினா குறைஞ்சிரும். கேட்டா, "வண்டி வயசுக்கு வந்துருச்சு, குரல் உடையுது"ன்னு ஜோக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பின் சீட்டுல என் இடது காலுக்குக் கீழ தரை வெதுவெதுன்னு இருக்கும். அதையும் சொன்னேன். "ஏர்கொன் முன்னாலதானே நல்லா வருது, பின்னால சூடாத்தான் இருக்கும்"னு முடிச்சிட்டாரு.

எனக்கு ஒரு தரம்கூட தலை வலிக்கலையேன்னு வேற சொல்வாரு. எப்படி வலிக்கும்? அவர் பக்கத்துக் கண்ணாடி எப்பவும் பாதி இறங்கித்தான் இருக்கும். கை வெளிய தொங்கினாத்தான் அவருக்குக் காரே ஓடும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பயந்துட்டேன். நாலஞ்சு நாளாவே வயித்துக்குள்ள சின்னதா ஒரு துடிப்பு, மீன்குஞ்சு திரும்புற மாதிரி, மத்தியானம் சாப்பிட்டு உக்காந்தா தெரியும். அன்னைக்கு உக்காந்தேன், காத்திருந்தேன். ஒண்ணும் இல்ல. இனிப்பா ஏதாவது குடின்னு பக்கத்து சீட்டு ஷாமினி மைலோ வாங்கிக் குடுத்தா. குடிச்சும் ஒண்ணும் இல்ல. இன்னும் ரொம்ப நாள் இருக்கு, இப்ப எல்லா நாளும் தெரியாதுடின்னு அவ சொல்றா, என் காதுல ஏறவே இல்ல.

கழிவறையில கதவைச் சாத்திக்கிட்டு கிஃபாயத்துல்லா அண்ணனுக்கு ஒரு வாய்ஸ் நோட்டு போட்டேன். அவர் கிள்ளான்ல வொர்க்‌ஷாப் வச்சிருக்காரு. யாரா இருந்தாலும் முதல்ல வாய்ஸ் நோட்டு போடணும், அப்புறம்தான் காரைக் கொண்டு வரணும், அது அவர் சட்டம். ஏன்னா வொர்க்‌ஷாப் வாசல்ல வந்து நின்னதும் எந்தக் காரும் நல்ல பிள்ளையா மாறிடும், சத்தமே போடாது, ஆளுங்களும் அங்க வந்து முழிப்பாங்களாம். அன்னைக்கு நான் என் ஆபீஸ்ல கேக்குற கேள்வி அத்தனைக்கும் நானே பதில் சொன்னேன். சத்தம் எப்படி, எப்ப, எந்தப் பக்கம். தரை சூடு. காருக்குள்ள இருந்தா தலைவலி, இறங்கினா இல்ல. கடைசியில குரல் உடைஞ்சிருச்சு. "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு அண்ணே, பிள்ளை அசையல"ன்னு சேத்துச் சொல்லிட்டேன். மெக்கானிக்குகிட்ட போய் அதைச் சொல்ற அளவுக்கு நான் தனியா இருந்தேன்.

சாயங்காலம் மழை தூறல். ஃபெடரல் ஹைவேயில வழக்கம்போல ஜேம். முன்னாலயும் பின்னாலயும் லோரி. எனக்கு வலி மண்டையைப் பிளக்குது, வாய்க்குள்ள எச்சி ஊறுது. அத்தை பக்கத்துல பூ மூட்டையை மடியில வச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. அப்பதான் கிஃபா அண்ணன் கூப்பிட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"அமுதா, நீ சொன்னதைக் கேட்டேன்மா. முதல்ல எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்டிங்தான் போச்சுன்னு நெனச்சேன். அதான் திங்கக்கிழமை கொண்டா போதும்னு விட்டுட்டேன். இப்ப திரும்பக் கேட்டேன். உள்ள ஏதாச்சும் வாடை வருதா?"

"சரியாத் தெரியல அண்ணே. பூ வாசம்தான் தூக்குது. அதுக்கு அடியில, லோரிக்குப் பின்னால நிக்கிற மாதிரி ஒரு வாடை."

"ஃபெடரல் ஹைவேயில லோரி வாடை வராம சந்தன வாடையா அண்ணே வரும்?" குரு முன்னால இருந்து சொல்லிச் சிரிச்சாரு.

கிஃபா அண்ணன் சிரிக்கல. "வண்டியில வேற யாருக்காச்சும் தலை வலிக்குதா?"

"யாருக்கும் இல்லண்ணே. எனக்கு இல்ல, அம்மாவுக்கு இல்ல. இவளுக்கு மட்டும்தான். மாசமா இருக்கா இல்ல."

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. காருல நாலு பேரு இருந்து, ஒருத்தரே எல்லாருக்காகவும் பதில் சொன்னா நாங்க நம்ப மாட்டோம். போனை அவங்ககிட்ட குடுங்கன்னு கேப்போம். அந்தப் பழக்கத்துலதான் நான் திரும்பினேன்.

"அத்தை, உங்களுக்கு?"

"எனக்கென்னம்மா, நான் வயசானவ."

"வயசைக் கேக்கல. தலை வலிக்குதா இல்லையா?"

அவங்க கண்ணைத் திறக்கல. பூ மூட்டையோட முடிச்சைப் பிரிச்சுப் பிரிச்சுத் திரும்பக் கட்டினாங்க. அப்புறம் மெதுவா, "வலிக்கும்"னாங்க.

"எப்ப?"

"வண்டியில ஏறினா."

"எத்தனை நாளா?"

"உனக்கு வர்றப்ப எல்லாம் எனக்கும் வருது. நீ இறங்கினப்புறம் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு வாந்தியே வந்துரும். கடைக்குப் பின்னால போய் எடுத்துட்டு, பனடோல் போட்டுட்டு உக்காருவேன். ப்ரெஷர் ஏறுதுன்னு நெனச்சேன். சொன்னா வீட்டுல கிடன்னு சொல்லிருவீங்க. அப்ப உன் பக்கத்துல யாரு உக்காருவா?"

"அத்தை! உங்களுக்கு அறுபது வயசு தாண்டிருச்சு. உங்களுக்குமா மசக்கை?" கத்திட்டேன். காருக்குள்ள யாரும் சிரிக்கல.

போன்ல கிஃபா அண்ணன் குரல் மாறிருச்சு. "குரு! எல்லாக் கண்ணாடியையும் இறக்கு. ஓரம் கட்டு. எஞ்சினை நிறுத்து. எல்லாரும் இறங்கி வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்க. எக்ஸாஸ்ட் புகை உள்ள வருதுடா. அந்தப் புகையில வாடையே இல்லாத விஷம் இருக்கு. ஆளைத் தூங்க வச்சே கொன்னுரும். இன்னும் என்ன ஓட்டிக்கிட்டு இருக்க, நிறுத்துடா!"

குரு எப்படி மூணு லைன் தாண்டி ஓரத்துக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியாது. ஹார்ன் அடிச்சு எல்லாரும் திட்டினாங்க. தூறல்ல இறங்கி நின்னோம். அத்தைக்குக் காலு நிக்கல, தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தாங்க. குரு ஒரு கையில அவங்களையும் ஒரு கையில என்னையும் பிடிச்சுக்கிட்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னாரு. எனக்கு அவர் மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா அந்தக் கையை நான் விடவும் இல்ல.

எங்க ஆபீஸ் நம்பருக்கு நானே கூப்பிட்டேன். ஷாமினிதான் எடுத்தா.

"வணக்கம் மேடம், உங்க காருக்கு என்ன பிரச்சினை? புகை ஏதாவது வருதா? என்ன கலர்?"

"கலரே இல்லடி. நான்தான், அமுதா."

"அய்யோ, அமுதா!"ன்னா. அப்புறம் நாங்க எல்லார்கிட்டயும் கேக்குற அதே கேள்வியை, அதே குரல்ல கேட்டா. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

நான் இதை ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட கேக்குறேன்! ஆமாங்கன்னு பதில் வரும், அடுத்ததுக்குப் போயிருவேன். அன்னைக்கு எனக்கு ஆமான்னு சொல்ல வரல. "தெரியலடி"ன்னு ஓன்னு அழுதுட்டேன். அவ லோரியையும் அனுப்பினா, அம்புலன்ஸையும் அனுப்பினா.

ஆஸ்பத்திரியில என்னையும் அத்தையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல போட்டு, மூஞ்சியில மாஸ்க் மாட்டி, ரத்தம் எடுத்தாங்க. புகை எங்க இருந்து வருதுன்னு பாக்க, காரை லோரியில ஏத்திக்கிட்டு குரு கிள்ளானுக்கு, கிஃபா அண்ணன்கிட்ட போயிருந்தாரு. பிள்ளைத்தாச்சியான்னு ஒவ்வொருத்தரா வந்து கேட்டுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் டாக்டர் வாணி வந்தாங்க. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாங்க, ஆனா கை நிதானம். வயித்துல ஜெல் தடவி அந்தக் கருவியை வச்சு நகத்துனாங்க. கரகரன்னு சத்தம் மட்டும் வந்துச்சு. இந்தப் பக்கம் வச்சாங்க, அந்தப் பக்கம் வச்சாங்க. போன வருசமும் இப்படித்தான் ஒருத்தங்க நகத்திக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு மெதுவா ஏதோ பேசினாங்க. நான் டாக்டர் மூஞ்சியைப் பாக்கல. கூரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அத்தை மாஸ்க்குக்குள்ள முருகா முருகான்னு சொல்றது மட்டும் கேட்டுச்சு.

அப்ப வந்துச்சு. தையல் மிஷினை வேகமா மிதிக்கிற மாதிரி, விடாம, ஒரே சீரா.

"பாப்பா இருக்காங்க," அப்படின்னு சிரிச்சாங்க டாக்டர். "நல்லாத்தான் துடிக்குது. ஆனா ரத்தத்துல அந்தப் புகை கலந்திருக்கு, ரெண்டு பேருக்குமே. ஆன்டிக்குத்தான் கூட. இன்னைக்கு இங்கேயே இருங்க. இனி அடிக்கடி ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கணும். இப்பவே எல்லாம் சரின்னு நான் சொல்ல முடியாது. இன்னும் தாமதமா வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னும் சொல்ல விரும்பல."

எனக்கு அது போதும். அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைங்க டாக்டர்னு கெஞ்சினேன். வச்சாங்க.

குரு கூப்பிட்டாரு. அத்தைக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். பிள்ளை நல்லா இருக்குன்னு சொன்னேன். மூக்கை உறிஞ்சுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் காரைப் பத்திச் சொன்னாரு. பின் சீட்டுக்கு நேர் கீழ புகைக்குழாய் துருப்பிடிச்சு ஓட்டையாம். தரையில இருக்க வேண்டிய ரப்பர் மூடியும் இல்லையாம், அது வழியா நேரா எங்க காலுக்குக் கீழ ஏறியிருக்கு.

"இது இப்ப வந்த ஓட்டை இல்லையாம் அமுதா. முன்னால வச்சிருந்தவன் ஏதோ பேஸ்ட்டை அப்பி மறைச்சு வித்திருக்கான். அது வாங்கின கொஞ்ச நாள்லயே விட ஆரம்பிச்சிருக்கும், இப்ப முழுசா விட்டுருச்சுன்னு சொல்றாரு அண்ணன். நான்தான்... நீ சொல்லச் சொல்ல நான்தான்..."

"வந்து பேசிக்கலாம்"னு வச்சிட்டேன். அவர்கிட்ட பேச என்கிட்ட நிறைய இருந்துச்சு, அதெல்லாம் போன்ல தீராது.

அத்தை மாஸ்க்கைக் கழட்டிட்டு எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. "டாக்டர், நாங்க இந்தக் காரை வாங்கினதுக்கு அப்புறம்தான் போன வருசம் இவளுக்கு மூணு மாசத்துல கலைஞ்சுச்சு. அப்பவும் பின்னாலதான் உக்காந்து போவா. நான்தான் உக்கார வச்சேன். அதுவும் இதனாலயா?"

டாக்டர் யோசிச்சாங்க. "தெரியல ஆன்டி. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூணு மாசத்துல நிறைய பேருக்குக் காரணமே இல்லாமக் கலையும். அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"சாவு வீட்டுக்குப் போனா?"

"அதனால எல்லாம் கலையாது ஆன்டி."

டாக்டர் போயிட்டாங்க. அத்தை கட்டிலை விட்டு இறங்கி, கையில குத்தியிருந்த ஊசியோட, கம்பியைப் பிடிச்சு நடந்து என் பக்கத்துல வந்து நின்னாங்க.

"நான் உன்னைக் குத்தம் சொன்னேன்ல," அப்படின்னாங்க. "வெளிய சொன்னது ஒரு தடவைதான். மனசுக்குள்ள தினமும் சொன்னேன்மா. பிள்ளையைத் தின்னுட்டா, பிள்ளையைத் தின்னுட்டான்னு."

ஒரு வருசமா இந்த நாளுக்காக நான் சேத்து வச்சிருந்த சொல்லெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. பரவாயில்ல அத்தைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பரவாயில்லைன்னு சொல்ற விசயமா அது?

"எனக்கும் தெரியும் அத்தை," அப்படின்னு மட்டும் சொன்னேன். "நீங்க சொல்றது எனக்குத் தினமும் கேட்டுச்சு."

அவங்க என் காலடியில உக்காந்து சத்தம் போட்டு அழுதாங்க. நானும் அழுதேன். போன வருசம் அந்தப் பிள்ளை போனப்ப அவங்க ஒரு ரூம்ல அழுதாங்க, நான் ஒரு ரூம்ல அழுதேன். ரெண்டு பேரும் சேந்து அதுக்காக அழுதது அன்னைக்குத்தான்.